எவ்ரிபடிக்கு ‘ஹேஸ்’ போட்டுவிட்டு அடுத்த சொல்லே ‘தேர்’ என்று வருவது ஏன்?

டியூஷன்_அக்கா:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எவ்ரிபடி, சம்படி, நோபடி, எனிஒன் எல்லாமே சிங்குலர், நிகழ்காலத்தில் வினையோடு ‘எஸ்’ சேரும் என்று சொல்லி, “எவ்ரிபடி நோஸ் தி ஆன்சர்” என்று போர்டில் எழுதினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ஸ்கூல்ல சார் ‘எவ்ரிபடி ஸிட் டவுன்’னுதானே சொல்றார், ‘ஸிட்ஸ் டவுன்’னு சொல்றதில்லையே” என்றான். அவன் உட்காருவதற்குள் இன்னொரு பெண், “எவ்ரிபடி ஹேஸ் டன் தேர் ஹோம்வொர்க்” என்பதில் ஹேஸ் ஒருமை, தேர் பன்மை, ஒரே வாக்கியத்தில் எப்படி இரண்டும் வரும் என்று கேட்டாள். இரண்டுமே நல்ல கேள்விகள். “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தோடு விளக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

நெல்லைக்காரன்:
அந்தப் பையன் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறான், அக்கா. “எவ்ரிபடி ஸிட் டவுன்” என்பது ஏவல். “வா”, “போ” மாதிரி கட்டளை. ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கு எஸ் சேர்வதே இல்லை, முன்னால் எந்தச் சொல் நின்றாலும் சரி. அங்கே எவ்ரிபடி யாரிடம் சொல்கிறோம் என்பதைக் காட்ட வந்த சொல். “சம்படி கால் அன் ஆம்புலன்ஸ்!” என்றால் யாராவது கூப்பிடுங்கள் என்று கத்துகிறோம். “சம்படி கால்ஸ் மீ எவ்ரி நைட்” என்றால் தினமும் ராத்திரி யாரோ போன் செய்கிறார்கள் என்று செய்தி சொல்கிறோம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் போட்டால் பிள்ளைகள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். “நோபடி மூவ்!” என்பதும் இதே கதைதான்.

கேள்வியிலும் எஸ் காணாமல் போகும், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். “டஸ் எவ்ரிபடி நோ?” என்னும்போது எஸ் ஏற்கனவே ‘டஸ்’ஸில் ஏறிவிட்டது, அதனால் ‘நோ’ வெறுமனே நிற்கிறது.

சொல்லாட்சி:
தேர் பற்றி நான் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வினைக்குத் தெரிவது சொல்லின் வடிவம் மட்டும்தான். எவ்ரிபடி என்பதற்குள் ‘படி’, அதாவது ஆள் என்ற ஒருமைச் சொல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் ‘ஹேஸ்’. ஆனால் பின்னால் வரும் மாற்றுப்பெயர் (ப்ரோநவுன்) பொருளைப் பார்த்து வருகிறது. மனதில் நிற்பது ஒரு கூட்டம், அதிலும் ஆணா பெண்ணா என்று தெரியாத கூட்டம், அதனால் ‘தேர்’. ஒருமைக்கு ‘தே’, ‘தேர்’ போடுவது ஏதோ நேற்று வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் அது எழுத்தில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் சிலர்தான் அதைத் தப்பு என்று சொல்லி ‘ஹிஸ்’ போடச் சொன்னார்கள். சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே போட்டது. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாக இருக்கும்போது “எவ்ரிபடி ஹேஸ் டன் ஹிஸ் ஹோம்வொர்க்” என்று எழுதச் சொன்னால் அது எனக்குச் சரியாகவே படவில்லை.

டேக் கொஸ்டினில், அதாவது வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லையா?’ என்பது போல ஒட்டும் கேள்வியில், இது இன்னும் பளிச்சென்று தெரியும். “எவ்ரிபடி இஸ் ஹியர், ஆரன்ட் தே?” முன்பாதியில் இஸ், பின்பாதியில் ஆர். அப்புறம் “நோபடி கேம், டிட் தே?” நோபடியிலேயே ‘இல்லை’ இருப்பதால் பின்னால் ‘டிடன்ட்’ வராது.

வங்கித்தேர்வு_நண்பன்:
போட்டித் தேர்வில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் மாட்டிவிடுவது பெரும்பாலும் ‘ஆஃப்’ வரும் இடம். “ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேஸ் எ பைக்.” பாய்ஸ் என்ற பன்மை வினைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் கை தானாக ‘ஹேவ்’ எழுதப் போகும். ஈச் ஒருமை, ஹேஸ்தான். ஆனால் ஆல், சம், மோஸ்ட் இவற்றுக்கு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்க வேண்டும். “ஆல் தி சாம்பார் இஸ் கான்”, “ஆல் தி இட்லிஸ் ஆர் கான்”. சாம்பாரை எண்ண முடியாது, இட்லியை எண்ணலாம், அவ்வளவுதான். போத், மெனி, ஃபியூ, செவரல் எப்போதும் பன்மை, அதில் குழப்பமே இல்லை.

டியூஷன்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. ஏவல் விளக்கத்தைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன். “நைதர் ஆஃப் தெம்”, “நன் ஆஃப் தெம்” இரண்டுக்கும் என்ன சொல்வது? ஒருவர் இஸ் என்கிறார், இன்னொருவர் ஆர் என்கிறார்.

சொல்லாட்சி:
‘நன்’னுக்கு இரண்டும் சரி. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஒன்றும் இல்லை’ என்ற பொருளில் பிறந்ததால் ஒருமை மட்டும்தான் என்று வாதாடுவார்கள், ஆனால் பன்மையோடு வருவதும் அதே அளவு பழசு. ‘நைதர்’ பேச்சில் ஆர் என்றும் வரும். தேர்வுத்தாளில் இஸ் எழுதச் சொல்லுங்கள், மார்க் போகாது.

மருதாணி:
ஒன்றை யாரும் சொல்லவில்லையே. நம் பிள்ளைகள் ஒருமை பன்மையில் தவறுவதை விட இதில்தான் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் அனுபவம். “யாரும் வரவில்லை” என்பதை அப்படியே “எனிபடி டிட் நாட் கம்” என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘யாரும்’ முன்னால் வந்து, ‘இல்லை’ கடைசியில் வினையோடு வரும். ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் எனிபடி வருவதற்கு முன்பே எதிர்மறை வந்திருக்க வேண்டும். “ஐ டிடன்ட் சீ எனிபடி” சரி, அங்கே டிடன்ட் முந்திக்கொண்டது. எழுவாயாக வாக்கியத்தைத் தொடங்கும்போது முன்னால் ஒன்றுமே இல்லை, அதனால் “நோபடி கேம்” என்றுதான் எழுத முடியும். எவ்ரிபடிக்கு ஹேவ் போடுவதும் ‘எல்லாரும் வந்தார்கள்’ என்று பன்மையில் யோசிப்பதால் வருவது. இந்த இரண்டையும் தமிழ் வாக்கியத்தோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.