மாய்-காய் மறுபடி திறந்ததில் மகிழ என்ன இருக்கிறது?

கடலோடி:
ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் நகரத்து மாய்-காய் உணவகம் 1956-இல் தொடங்கியது. 2020 அக்டோபரில் குழாய் உடைந்து சமையலறைக் கூரை இடிந்து விழ, கடையை மூடினார்கள். நான்கு வருடம் கழித்து 2024 நவம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். பசிபிக்கின் பாலினேசியத் தீவுகள் போல அலங்கரித்து ரம் பானங்கள் விற்ற டிகி பார்களின் பொற்காலத்திலிருந்து இந்த அளவில் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. ஓஹையோவின் கொலம்பஸில் 1961-இல் கட்டிய கஹிகி என்ற டிகி உணவகம், பிரம்மாண்டமான படகு வடிவக் கூரையும், தலையில் தீ எரியும், ஈஸ்டர் தீவு பாணியிலான இரண்டு 'மோவாய்' சிலைகளுமாக நின்றது. தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம் பிடித்த பிறகும், 2000-இல் அதை இடித்து மருந்துக்கடை கட்டினார்கள். மாய்-காய் தப்பித்ததே பெரிய விஷயம். உங்களுக்கு எப்படி?

நெய்தல்:
எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. ஹவாய் அரசியை 1893-இல் கவிழ்த்தவர்கள் அமெரிக்க வணிகர்களும் கரும்புத் தோட்டக்காரர்களின் ஆட்களும்தான். 1898-இல் தீவுகளை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது, 1959-இல் மாநிலமாக்கியது. அந்த 1959-ஐ ஒட்டித்தான் டிகி மோகம் உச்சத்துக்குப் போனது. பிரான்ஸ் 1966 முதல் பாலினேசியாவின் மொரூரோவா தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கே அதே தீவுகளின் பெயரைச் சொல்லி அன்னாசிப் பழத்தில் குடை குத்திக் குடித்தார்கள். இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?

சுங்கான்:
நெய்தல், அரசியல் எல்லாம் சரி. ஆனால் டிகி பாரில் பாலினேசியா எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம். ரம் கரீபியனிலிருந்து வந்தது. வெள்ளையர் வருவதற்கு முன் பாலினேசியர்களிடம் மதுவே கிடையாது, கவா வேர்ச்சாறுதான். தட்டில் வருவது கான்டனீஸ் சமையல். இதையெல்லாம் சேர்த்துக் கட்டிய ஆள் எர்னஸ்ட் கான்ட். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்த கையோடு ஹாலிவுட்டில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்து, மீன் வலை, மூங்கில், கப்பல் சாமான் என்று தொங்கவிட்டு பார் வைத்தார். விஸ்கிக்குத் தட்டுப்பாடு, ரம் மலிவு. அதனால் ரம். அப்புறம் தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்! ஒருத்தருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று அவர் விற்ற 'ஸோம்பி' என்ற ரம் பானத்தைக் குடித்த யாரும் தஹீதித் தீவைப் பற்றிக் கற்றுக்கொள்ள வரவில்லை. அது ஹாலிவுட் செட். செட் என்று தெரிந்தே போனார்கள்.

நெய்தல்:
தெரிந்தே போனார்களா? மாய் டாய் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரேடர் விக் என்கிற விக்டர் பெர்ஜரான், 1944-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் கலந்ததாகச் சொன்ன பானம் அது. ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு குராசாவ், பாதாம் சர்பத். 1953-இல் ஹவாயின் மேட்சன் ஹோட்டல்களுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அன்னாசிச் சாறு சேர்ந்தது. இன்று வைக்கீக்கியில் இறங்கும் பயணி அதை உள்ளூர்ப் பானம் என்றே நம்பிக் குடிக்கிறார். நீங்கள் சொல்லும் செட் அந்தத் தீவுக்கே போய் உட்கார்ந்துகொண்டது, அதுதான் என் புகார்.

சுங்கான்:
அதற்குச் சுற்றுலாத் துறையைத் திட்டுங்கள்.

ஏழாம் மேசை:
இருவரும் கடையின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாருக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டான் பீச் கடையில் பானம் கலந்தவர்களில் பெரும்பாலோர் ஃபிலிப்பினோக்கள். ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்த ரே புஹென், 1961-இல் லாஸ் ஏஞ்சலஸில் டிகி-டி என்ற குட்டி பாரைத் தொடங்கினார். இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. மாய்-காய் திறந்தபோது அதன் பானங்களை அமைத்த மரியானோ லிக்குடீனும் ஃபிலிப்பினோ, டான் பீச்சின் சிகாகோ கிளையில் வேலை பார்த்தவர்.

இன்னொன்று. செய்முறை வெளியே போகாமல் இருக்க டான் பீச் கலவைகளைச் சங்கேதப் பெயரில் புட்டியில் அடைத்து வைத்தார். "டான்'ஸ் மிக்ஸ்" என்று எழுதியிருக்கும், உள்ளே என்ன என்று கலப்பவருக்கே தெரியாது. தன் ஆட்களையே நம்பாத ஏற்பாடு. டிகி பானங்களின் வரலாற்றைத் தேடி எழுதும் ஜெஃப் பெர்ரி பல வருடம் துழாவி, அது திராட்சைப்பழச் சாறும் பட்டைச் சர்க்கரைப்பாகும் என்று கண்டுபிடித்தார். அவருக்கு வழி காட்டியது டிக் சான்டியாகோ என்ற பழைய பணியாளரின் குறிப்பேடு. அதைப் பத்திரமாக வைத்திருந்தது அவருடைய குடும்பம்.

சுங்கான்:
அருமையான தகவல். என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. இது குடியேறியவர்களின் கைவேலை, அமெரிக்கக் கண்டுபிடிப்பு.

ஏழாம் மேசை:
கைவேலை அவர்களுடையது, பெயர்ப்பலகை வேறொருவருடையது. எனக்கு அது வலுவாகத் தெரியவில்லை.

நெய்தல்:
டிகி சிலை முகத்தில் வார்த்த குவளைக்கு வருவோம். உங்கள் குலசாமியின் முகத்தைப் பீங்கானில் வார்த்து, மண்டையைத் திறந்து சாராயம் ஊற்றிக் கொடுத்தால் கைவேலை என்று பாராட்டுவீர்களா? அந்த உருவங்கள் மூதாதையர்கள், தெய்வங்கள். மிஷனரிகள் வந்து எரித்தது போக மிஞ்சியதைக் குடிப்பாத்திரமாக்கிவிட்டார்கள்.

சுங்கான்:
ஹவாயில் எரித்தது மிஷனரிகள் இல்லை. 1819-இல் இரண்டாம் கமேஹமேஹா கப்பு என்ற பழைய மத விலக்குகளை உடைத்து, கோயில்களையும் சிலைகளையும் அழிக்கச் சொன்னார். முதல் மிஷனரிக் கப்பல் வந்தது 1820-இல்.

நெய்தல்:
ஒரு அரசன் தன் நாட்டின் மதத்தைக் கைவிட்டால், அடுத்த கண்டத்துக்காரன் அந்தச் சாமியை எடுத்து விற்கலாம் என்று அர்த்தமா? விசித்திரமான சட்டம்.

கடலோடி:
நெய்தல், மாய்-காயில் 1960-களிலிருந்து நடக்கும் நடன நிகழ்ச்சியை வடிவமைத்தவர் மிரேய் தோர்ன்டன், தஹீதிக்காரர். நடனக்காரியாக வந்து, உரிமையாளர்களில் ஒருவரை மணந்தவர். தீவுகளிலிருந்து வந்த பலருக்கு அங்கே மேடை கிடைத்தது. முழுக்கக் களவு என்றால் அவரை எங்கே வைப்பீர்கள்?

நெய்தல்:
அவரை நான் குறை சொல்லவே இல்லை. அவருடைய நடனம் தஹீதியோடு தொடர்புள்ளது, அதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். குவளையில் உள்ள முகத்துக்கு அப்படி எந்த ஆளும் பின்னால் இல்லை. சில வருடங்களாக அமெரிக்காவில் பல பார்கள் சிலையையும் 'டிகி' என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'டிராப்பிகல் பார்' ஆகிவிட்டன. ரம் அதே ரம்தான். யாருக்கும் தாகம் அடங்காமல் போகவில்லையே.

சுங்கான்:
அந்த ரம்முக்குப் பின்னால் அடிமைக் கரும்புத் தோட்டம் இருக்கிறது, அது மட்டும் பரவாயில்லையா? பெயரை மாற்றினால் கணக்குத் தீர்ந்துவிடுமா? டிகி என்று போட்டிருந்தால் குறைந்தபட்சம் நாம் இங்கே உட்கார்ந்து சண்டை போடுகிறோம். பெயரைத் துடைத்துவிட்டால் ரே புஹெனும் சேர்ந்து துடைக்கப்படுவார்.

ஏழாம் மேசை:
ஏன் துடைக்கப்பட வேண்டும்? பட்டியலில் பானத்துக்கு நேராக அதைக் கலந்து பழக்கியவரின் பெயரைப் போட ஒரு வரி போதும். லிக்குடீன் பெயரை முதலில் போடட்டும். குவளைச் சண்டையை நீங்கள் இருவரும் தொடருங்கள், நான் நெய்தல் பக்கம்.