பத்தாம் வகுப்பு மரபியலை மெண்டலின் பட்டாணியில் தொடங்கத்தான் வேண்டுமா?

சுண்டல்:
மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து கண்ட 3:1 விகிதத்தை மகன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கூடவே, நாக்கைச் சுருட்ட வந்தால் அது ஓங்குபண்பாம் (அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும் குணம்), வகுப்பில் சொன்னார்களாம். 1940-இல் அப்படி எழுதிய மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்டே பிறகு பின்வாங்கிவிட்டார். ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து, மற்றவருக்கு வராமல் போவதுண்டு. பட்டாணியில் தொடங்கினால் பிள்ளைகள் ஒரு குணத்துக்கு ஒரு ஜீன் என்றே நம்பிவிடுகிறார்கள். மெண்டலைப் பின்னால் தள்ளுங்கள்.

கரும்பலகை:
நாக்குக் கதையை ஏன் சார் மெண்டல் தலையில் கட்டுகிறீர்கள்? அவர் எண்ணியது விதைகளை. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்ததில், இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. முதல் தலைமுறையில் கண்ணிலேயே படாத சுருக்கம் அப்படியே திரும்பி வந்தது. பாலும் டிகாஷனும் போல அப்பா அம்மா குணம் கலந்துவிடும் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட எளிய வழி உண்டா? இரண்டு நிற மணிகளைப் பைகளில் போட்டு, கண்ணை மூடி ஜோடி ஜோடியாக எடுக்கச் சொல்வேன். நாற்பது ஜோடியில் 30:10 வரும் என்று எதிர்பார்ப்பார்கள், 27:13 என்று வரும். "டீச்சர், தப்பா வருது" என்பார்கள். பாடமே அங்கேதான் ஆரம்பம்.

சுண்டல்:
மணி விளையாட்டு சரி. தேர்வில் கேட்பது, பெற்றோர் ஜீன்கள் பிள்ளைகளில் எப்படிச் சேரும் என்று போட்டுப் பார்க்கும் புன்னட் கட்டம் மட்டும்தானே? விதை ஏன் சுருங்குகிறது என்று யார் சொல்கிறார்கள்? ஸ்டார்ச்சைக் கிளைவிடச் செய்யும் நொதியின் ஜீனுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்துவிட்டது. நொதி வேலை செய்யாததால் சர்க்கரை மிஞ்சும், அது தண்ணீரை இழுக்கும், காயும்போது தோல் சுருங்கும். 1990-இலேயே தெரிந்த விஷயம். இதைச் சொன்னால், அந்த ஜீனின் ஒரு நல்ல நகல் இருந்தாலே விதை ஏன் உருண்டு வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

மலைக்காரன்:
நான் நீலகிரி. இங்கே பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952-இலேயே தெரியும். அப்பா அம்மா இருவரும் கடத்திகள் (பழுதான ஜீனின் ஒரு நகலை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூத்ததுக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. கட்டத்தை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாததால் வரும் வினை அது. ஆகவே மெண்டல் முதலிலேயே இருக்கட்டும். உதாரணத்தை மட்டும் மாற்றுங்கள்.

கரும்பலகை:
அதில்தான் எனக்குத் தயக்கம். கடத்தியான பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டாணிக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

மலைக்காரன்:
ரத்தப் பரிசோதனை அட்டையைக் கையில் வாங்கிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் டீச்சர். பள்ளிக்கூடம் விளக்காவிட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பார்கள்?