முட்டிவலி உள்ளவர்கள் இறங்கக்கூடிய நீச்சல்குளம் பினாங்கில் எங்கே உண்டு?

வணக்கம். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் உள்ள எட்டுப் பேருக்கு வாரம் இரண்டு நாள் காலையில் நீருக்குள் நடைப்பயிற்சி நடத்த இடம் தேடுகிறோம். தண்ணீர்மலைப் பக்கம் நடக்கலாம்தான், ஆனால் சரிவில் இறங்கும்போது முட்டி நோகும். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் விழும். நெஞ்சளவில் இன்னும் குறையும்.

ஆழம் 1.1 முதல் 1.3 மீட்டர் இருந்தால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது படிதான். அகலமான படிக்கட்டும் கைப்பிடியும் வேண்டும். செங்குத்து இரும்பு ஏணி வேண்டவே வேண்டாம்: ஏறும்போது முழு எடையும் மடங்கிய ஒரே முட்டியில் இறங்கும், விரல் மூட்டு வீங்கியவரால் கம்பியை இறுக்கிப் பிடிக்கவும் முடியாது. நீர் 30 பாகையை ஒட்டி இருந்தால் நல்லது. குளிர்ந்தால் தசை இறுகும்.

ஜார்ஜ் டவுன், ஆயர் ஈத்தாம், பிறை வட்டாரத்தில் தெரிந்தவர்கள் தயவுசெய்து படிக்கட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், கட்டணத்தையும் சொல்லுங்கள்.

அம்மா அப்பாவைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: முதல் நாள் 10 நிமிடமே. வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை நேரத்தைக் குறைப்போம். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் அழைத்து வராதீர்கள்.