பதிவேட்டில் 1,640, பீரோவில் 1,112: நூலகப் பொறுப்பை ஏற்கலாமா?

கணக்கு டீச்சர்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். தனியாக நூலகர் கிடையாது என்பதால் ஜூனில் நூலகமும் என் தலையில் விழுந்தது. மூன்று பீரோ, ஒரு இருப்புப் பதிவேடு. பதிவேட்டில் 1,640 புத்தகங்கள். எண்ணினால், கரையான் அரித்ததையும் சேர்த்து 1,112. முன்பு பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். "கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு பீரோவைப் பூட்டிடுங்க, தொலைஞ்சா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்கிறார் உடன் வேலை செய்பவர். பிள்ளைகளோ தினமும் வந்து கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற நூலகர்:
1,640க்குக் கையெழுத்துப் போடவே போடாதீர்கள் டீச்சர். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, இன்னும் இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இருப்பைச் சரிபாருங்கள். பதிவேட்டின் வரிசை எண்படி உள்ளது, சேதமானது, இல்லாதது என்று மூன்று பட்டியல். மூவரும் கையெழுத்திட்டு, கண்ணால் பார்த்ததற்கு மட்டும் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுத்து, நகலில் தலைமையாசிரியர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். பழைய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. கரையான் தின்றதைக்கூட அனுமதி வராமல் எரித்துவிடாதீர்கள். மூட்டை கட்டி வேறு அறையில் வையுங்கள்.

புத்தகம் கொடுத்தால் நாலைந்து தொலையத்தான் செய்யும். மத்திய அரசின் பொது நிதி விதிகளே (2017), ஆண்டில் வழங்கிய ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவதை ஏற்கின்றன. அலட்சியமோ முறைகேடோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாநிலப் பள்ளிக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் பயமுறுத்துகிறவரிடம் சொல்லலாம்.

கணக்கு டீச்சர்:
நன்றி ஐயா. அடுக்குவதற்கு, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண் போடட்டுமா?

தமிழாசிரியை:
வேண்டாம் டீச்சர், நான் போட்டு ஒரு கோடை விடுமுறையே போச்சு. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நம் பீரோவில் முக்கால்வாசி கதைப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அதே எண்! முதுகில் கலர் டேப் ஒட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி இருக்கிறதே, அதற்கு ஒன்றாக நான்கு நிறம். பாடம் சார்ந்தவற்றுக்கு ஐந்தாவது. வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு நாற்பது பக்க நோட்டு. கொடுப்பதையும் வாங்குவதையும் அவர்களே எழுதட்டும், வாரம் ஒருமுறை நீங்கள் பார்த்தால் போதும்.

ஓய்வுபெற்ற நூலகர்:
நல்ல யோசனை. டேப் வரிசை எண்ணை மறைக்காமல் இருக்கட்டும். அப்புறம், இந்திய நூலகத் துறையின் முன்னோடி சீர்காழி ரங்கநாதனும் முதலில் கணக்கு வாத்தியார்தான் டீச்சர். 1924இல்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது அவர் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதல் விதி. பூட்டச் சொல்பவரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

கணக்கு டீச்சர்:
சரிபார்ப்பு முடிந்தது. 1,131! கூடுதலாக வந்த 19உம் ஆசிரியர் அறையில் கிடந்தவை. அதில் நான்கு, "பூட்டிடுங்க" என்றவரின் மேசை டிராயரில். திங்கள் முதல் ஏழாம் வகுப்புக்கு நோட்டுப் போட்டாயிற்று.