4 ஜிபி திங்க்பேட் டி480-க்கு எந்த ராம் வாங்குவது? (போட்ட பிறகும் 3.4 ஜிபிதான் பயன்படுகிறது)

பெகு அச்சுக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். பெகுவில் வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பாதி தமிழ், பாதி பர்மியம். லேப்டாப் திங்க்பேட் டி480, ஐ5-8250யூ. ஜப்பானில் ஏதோ ஆபீஸில் ஓடி, யங்கோன் வழியாக என்னிடம் வந்த செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் 10, ராம் 4 ஜிபி.

கோரல் டிரா, போட்டோஷாப் இரண்டும் திறந்திருக்கும்போது வாடிக்கையாளர் வைபரில் ஒரு படம் அனுப்பினால் போதும், எல்லாம் உறைந்துவிடுகிறது. பங்குனி உத்திர நோட்டீஸ் வேலை வரிசையாக வரப்போகிறது.

யங்கோனில் ஒரு கடையில் டிடிஆர்4 3200, 8 ஜிபி எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் டிடிஆர்3 இருக்கிறது, விலை பாதிதான், "லேப்டாப் ராம் எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். எதை வாங்குவது? நானே மாட்டலாமா?

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
அக்கா, அந்த டிடிஆர்3 கடைப் பக்கமே போக வேண்டாம். டி480-க்கு டிடிஆர்4 மட்டும்தான். காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. ஸ்பீடு எவ்வளவு, ஸ்லாட் எத்தனையில் எத்தனை பயன்படுகிறது என்று கீழே இருக்கும். அப்புறம் அதே இடத்தில் டிஸ்க்கைச் சொடுக்கிப் பாருங்கள், எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்க்கா? ஹார்ட் டிஸ்க் என்றால் ராமுக்கு முன்னால் அதைத்தான் மாற்ற வேண்டும். ராம் நிறையும்போது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதித்தான் சமாளிக்கும். சுழலும் டிஸ்க் என்றால் அங்கேதான் உயிர் போகும்.

பெகு அச்சுக்காரி:
ஸ்பீடு 2400, ஸ்லாட் 2-ல் 1. டிஸ்க் எஸ்எஸ்டி, 128 ஜிபி. வேலை நடக்கும்போது மெமரி 95 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கிறது.

தட்டோன் வாத்தியார்:
நல்லது அம்மா, ஒரு ஸ்லாட் காலி. பழைய 4 ஜிபியைக் கழற்றாமலே பக்கத்தில் ஒன்று போடலாம்.

"எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னவர் கடையில் நின்று இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் போகும் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. கீழ்விளிம்பில் இருக்கும் வெட்டும் ஒவ்வொன்றிலும் வேறு இடம். தவறானதைச் செருகவே முடியாது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3 1.5 வோல்ட், அதன் எல் வகை 1.35, டிடிஆர்4 1.2. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் போவது மதர்போர்டு.

3200 என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பிராசசர் 2400 வரைதான் பேசும், 3200 ராம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு 2400-ல் ஓடும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். இப்போது கடையில் 2400 புதிதாகக் கிடைப்பது குறைவு. 2666, 3200 எது மலிவோ அது. ஸ்டிக்கரில் பிசி4 என்று தொடங்குகிறதா, 260 முனை எஸ்ஓ-டிம் (லேப்டாப்புக்கான சின்ன வடிவம்) தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப் ராம் நீளமாக இருக்கும், அதைத் தள்ளிவிட்டுவிடப் போகிறார்கள்.

மோல்மேன் தம்பி:
அக்கா, 8 எதற்கு, ஒரேயடியாக 16 போடுங்க. பின்னால் வருத்தப்படத் தேவையில்லை.

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
தம்பி, விலையைப் பார்த்துவிட்டுச் சொல். 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிக் கிடக்கிறது. தொழிற்சாலைகள் ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்கே முதலிடம் கொடுப்பதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. இங்கே கியாட் மதிப்பும் சேர்ந்து அடிக்கிறது. பத்திரிகை வடிவமைக்க 12 ஜிபி தாராளம். டி480-ல் 32 வரை போடலாம், இரண்டு ஸ்லாட்டிலும் 16. ஆனால் போடலாம் என்பதற்காகப் போட வேண்டியதில்லை.

4-ம் 8-ம் கலந்தால் வேகம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். இன்டெல் சிப்பில் 4-க்கு 4 ஜோடி சேர்ந்து முதல் 8 ஜிபி டூயல் சேனலில் (இரண்டு ராமும் ஒரே நேரத்தில்) ஓடும், மிச்ச 4 ஜிபி மட்டும் சிங்கிள் சேனல். அக்காவுக்கு இப்போது ஒற்றை ராம், முழுக்கவே சிங்கிள் சேனல். அதனால் கலந்தாலும் லாபம்தான். இந்த மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் படம் வரைவதும் இதே மெமரியில்தான், அங்கேயும் வித்தியாசம் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 8 ஜிபியில் 1ஆர்x8, 1ஆர்x16 என்று இரண்டு வகை ஸ்டிக்கர் பார்ப்பீர்கள். விலை ஒன்று என்றால் x8 எடுங்கள். x16-ல் சிப் நாலுதான் இருக்கும், கொஞ்சம் மந்தம். அதற்காக இன்னொரு கடை அலைய வேண்டாம்.

பெகு அச்சுக்காரி:
சரி, 8 ஜிபி ஒன்று. யங்கோனுக்கு வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறேன். மாட்டுவது எப்படி? இதில் பேட்டரி பின்னால் கழற்றுவது ஒன்று இருக்கிறது. அதை எடுத்தால் போதுமா?

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
போதாது! டி480-க்கு உள்ளே இன்னொரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் போகும்போது வெளி பேட்டரியை மெஷின் ஓடும்போதே மாற்ற முடிகிறதே, அது இந்த உள் பேட்டரி தாங்கிக்கொள்வதால்தான். வெளியே கழற்றினாலும் போர்டில் மின்சாரம் இருக்கும்.

மெஷினை அணைத்துவிட்டுப் போடும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் சொந்த செட்டிங்ஸ்) போங்கள். கான்ஃபிக், பவர், அதில் டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி என்று இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் மெஷின் உடனே அணைந்துவிடும். மறுபடி சார்ஜர் சொருகும்வரை உள் பேட்டரி தூங்கும். பிறகு வெளி பேட்டரியைக் கழற்றுங்கள்.

அடி மூடியின் ஸ்குரூக்கள் தளர்ந்து அப்படியே மூடியில் நிற்கும், வெளியே வராது. வரவில்லையே என்று பிடித்து இழுக்காதீர்கள். மூடியின் விளிம்பைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுற்றி விடுவியுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கொக்கி உடையும். ராமைச் சாய்வாக, முனைகள் முழுக்க உள்ளே மறையும்வரை செருகி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கமும் 'டிக்' என்று பிடிக்கும். தங்க முனையை விரலால் தொட வேண்டாம். மழைக்காலத்தில் இங்கே ஸ்டாட்டிக் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, பங்குனி வறட்சியில் படுவேன். நைலான் துணி போட்டுக்கொண்டு உட்காராமல், முதலில் ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் தடவை போடும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். புது ராமை மெஷின் பழகிக்கொள்கிறது. உடனே அணைத்துவிடாதீர்கள்.

பெகு அச்சுக்காரி:
மாட்டிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே திரை கறுப்பாக இருந்து பிறகு வந்தது. பயாஸில் 12288 எம்பி காட்டுகிறது. ஆனால் விண்டோஸில் வேகம் அப்படியேதான் இருக்கிறது! செட்டிங்ஸில் 12.0 ஜிபி, அடைப்புக்குள் 3.41 ஜிபி மட்டும் பயன்படும் என்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு 8.6 ஜிபி. ராம் போலியா? திருப்பிக் கொடுத்துவிடவா?

மோல்மேன் தம்பி:
ஸ்டார்ட் மெனுல எம்எஸ்கான்ஃபிக்னு தேடித் திறந்து, அதுல பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்க அக்கா. மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்க. எனக்கு அப்படித்தான் சரியானது.

பெகு அச்சுக்காரி:
பார்த்தேன் தம்பி, டிக் இல்லை.

தட்டோன் வாத்தியார்:
ராமைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. பயாஸ் 12288 என்று படித்துவிட்டது, அதாவது 12 ஜிபியும் மெஷினுக்குத் தெரிகிறது. பிரச்சினை விண்டோஸில். அதே செட்டிங்ஸ் பக்கத்தில் கொஞ்சம் கீழே சிஸ்டம் டைப் என்று ஒரு வரி இருக்கும். அதில் 32 பிட்டா 64 பிட்டா?

பெகு அச்சுக்காரி:
32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், x64 பிராசசர் என்று இருக்கிறது.

தட்டோன் வாத்தியார்:
அதேதான். 32 பிட்டில் எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபிக்குத்தான் வரும். அந்த 4-லும் கிராபிக்ஸ், மற்ற கருவிகளுக்கென்று ஒரு பங்கு போய், மிச்சம் 3.41. நீங்கள் 32 ஜிபி வாங்கிப் போட்டிருந்தாலும் இதே 3.41-தான் வந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிராசசருக்கு 32 பிட்டிலேயே அதற்கு மேல் எட்டும் வழி இருக்கிறது, சர்வர் விண்டோஸில் அதைத் திறந்துவிட்டிருந்தார்கள். வீட்டு விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியோடு நிறுத்திவிட்டது. அதைத் திறக்கும் திருட்டு பேட்ச்கள் வலையில் கிடைக்கும். தொட வேண்டாம்.

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
இந்த மெஷினில் 32 பிட் வந்ததற்குக் காரணம் விற்ற இடத்தில் யாரோ "4 ஜிபிதானே, லேசாக இருக்கட்டும்" என்று போட்டதுதான், வேறென்ன. எட்டாம் தலைமுறை பிராசசருக்கு அது அநியாயம்.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் பழைய விண்டோஸின் மேலேயே ஏற்ற முடியாது அக்கா, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அப்படிப் போடுவதென்றால் விண்டோஸ் 10 வேண்டாம், அதற்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ5-8250யூ விண்டோஸ் 11-க்கு ஏற்ற பட்டியலில் இருக்கிறது. 11-ல் 32 பிட்டே கிடையாது, அதனால் இந்தக் குழப்பம் மறுபடி வராது.

பயாஸில் ஸ்டார்ட்அப் பகுதியில் லெகசி (பழைய பூட் முறை) என்று இருந்தால் யூஇஎஃப்ஐ ஒன்லி (புது முறை) என்று மாற்றுங்கள். 32 பிட் ஓடுகிறது என்றால் கட்டாயம் லெகசியில்தான் இருக்கும். செக்யூர் பூட்டும் செக்யூரிட்டி சிப்பும் இயக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு பென் டிரைவ் சொருகி எஃப்12. இன்ஸ்டாலில் டிஸ்க்கின் பழைய பகுதிகளை எல்லாம் அழித்தால்தான் ஏற்றுக்கொள்ளும். நம் நெட்டில் விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) இறங்குவதற்குள் உத்திரமே முடிந்துவிடும். யங்கோன் வருகிற சொந்தக்காரரிடம் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்று கொடுத்துவிடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்.

தட்டோன் வாத்தியார்:
அழிப்பதற்கு முன்னால் டிசைன் கோப்புகளோடு எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், மொத்தமாக வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பழைய பர்மிய வேலையில் வின் இன்வா, ஜோஜி என்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் கலந்திருக்கும். 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறினாலும், அதற்கு முந்தைய பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் கிறுக்கல்தான் வரும். தமிழில் பழைய குறியாக்க எழுத்துருக்களுக்கும் இதே கதை. யாராவது வாடிக்கையாளர் "போன வருஷ டிசைனையே போடுங்கள்" என்று கட்டாயம் வருவார்.

கோரலும் போட்டோஷாப்பும் 64 பிட் பதிப்பாகவே போடுங்கள். 32 பிட் நிரல் ஒவ்வொன்றுக்கும் சாதாரணமாக 2 ஜிபிதான் கிடைக்கும், மெஷினில் எவ்வளவு இருந்தாலும்.

பெகு அச்சுக்காரி:
விண்டோஸ் 11 ஏறிவிட்டது, ரிப்பேர்க்காரத் தம்பிக்கு நன்றி. இப்போது 11.8 ஜிபி பயன்படும் என்று காட்டுகிறது. கோரல், போட்டோஷாப், வைபர், குரோம் எல்லாம் திறந்து வைத்தும் 60 சதவீதம் தாண்டவில்லை. ஒரு சந்தேகம்: கரண்ட் போகும்போது நான் ஹைபர்னேட் (ராமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு அணைப்பது) செய்வேன். ராம் கூடியதால் எஸ்எஸ்டியில் இடம் அதிகம் பிடிக்குமா?

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
பிடிக்கும், ஆனால் பயமில்லை. அந்தக் கோப்பு வழக்கமாக ராமில் 40 சதவீத அளவு, உங்களுக்கு ஏறக்குறைய 5 ஜிபி. 128-ல் தாங்கும். கரண்ட் எப்போது திரும்பும் என்று தெரியாத நாளில் ஸ்லீப்பை நம்பாதீர்கள், அதில் ராமுக்கு மின்சாரம் தொடர்ந்து வேண்டும். ஹைபர்னேட்தான் சரி. அப்புறம் கரண்ட் நிலையாக இருக்கும் ஒரு இரவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டிப் பாருங்கள். பிழை காட்டினால் அப்போது ராமைத் திருப்பிக் கொடுக்கலாம்.

மோல்மேன் தம்பி:
அண்ணே, என்னிடம் இருப்பது எக்ஸ்280, 8 ஜிபி. அதற்கும் ஒரு 8 வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

யங்கோன் ரிப்பேர்க்காரன்:
முடியாது தம்பி. எக்ஸ்280-ல் ராம் போர்டோடு சால்டர் ஆனது, ஸ்லாட்டே இல்லை. டி480எஸ் என்றால் பாதி சால்டர், ஒரு ஸ்லாட். 16 வேண்டும் என்றால் உன்னுடையதை விற்றுவிட்டு எஸ் இல்லாத டி480 தேடு.