மினி டிராக்டர் லோடருக்குப் பின்பக்க எடை: யோசனை வேண்டும்

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. 24 ஹெச்பி மினி டிராக்டரில் முன்பக்க லோடர் மாட்டியிருக்கிறோம். ஈர எருவை பக்கெட் நிறைய அள்ளித் தூக்கினால் பின் சக்கரம் மண்ணை விட்டு எழும்பப் பார்க்கிறது. சரிவில் அப்படி ஆனால் வண்டி கவிழ்ந்துவிடும். பிரேக்கும் பின் சக்கரத்தில்தானே இருக்கிறது!

பின் டயர்களில் முக்கால் அளவு தண்ணீர் ஏற்றியாகிவிட்டது. கொஞ்சம் தேவலை. ஆனால் டயர்த் தண்ணீர் முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடைதான் குறைக்கும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஓட்டினால் வண்டி நன்றாகவே நிற்கிறது. ஆனால் அதோடு மரத்துக்கு மரம் திரும்பும்போதுதான் இம்சை.

அதனால் 200 லிட்டர் டிரம்மில் கான்கிரீட் போட்டு, பின்னால் கருவிகளை மாட்டித் தூக்கும் லிங்கேஜில் மாட்டலாம் என்று இருக்கிறேன். முழுதாக நிரப்பினால் சுமார் 480 கிலோ வரும். லிங்கேஜ் தூக்கும் திறன் 750 கிலோதான். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது தாங்குமா? அரை டிரம் போதுமா?

இதே அளவு வண்டியில் செய்தவர்கள் எவ்வளவு எடை வைத்தீர்கள்? லிங்கேஜின் கீழ்க்கைகளை மாட்ட டிரம்முக்குள் குறுக்கே இரும்புத்தண்டு விட்டீர்களா, இல்லை பட்டறையில் தனியாகச் சட்டம் அடித்தீர்களா? படம் இருந்தால் போடுங்கள்.