வீட்டில் யார் எந்தச் சமூக ஊடகத்தில்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து, வயது 43:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடியும் முன்பே பெரியப்பாவின் காலை வணக்கம் வந்துவிடும். பத்தாவது படிக்கும் அண்ணன் மகள் அதில் பேருக்குத்தான் இருக்கிறாள், அவள் உலகம் இன்ஸ்டாகிராம். ஆர்குட்டில் தொடங்கிய நாங்கள், 2014-ல் அது மூடப்பட்டதும் ஃபேஸ்புக்கோடு தங்கிவிட்டோம்.

போன மாதம் பெரியப்பா 'பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது' என்று ஒரு குரல் பதிவைப் போட்டார். கல்லூரி போகும் பையன் ஒருவன் எல்லார் முன்னாலும், "இதையெல்லாமா தாத்தா நம்புறீங்க?" என்று எழுதிவிட்டான். பெரியப்பா குழுவை விட்டே போய்விட்டார்.

நேரில் போய்ப் பேசினேன். "அனுப்பினவர் என்கூட வேலை பார்த்தவர்மா. அவர் பொய் சொல்வாரா?" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் நம்பியது செய்தியை அல்ல, அந்த நண்பரை.

2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்ததைச் சொன்னேன். குலதெய்வம் கும்பிட வந்த, அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். இதே வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். இப்படிப்பட்ட கொலைகளுக்குப் பிறகுதான் வந்த ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பலமுறை கைமாறி வந்த தகவலின் மேல் வாட்ஸ்அப் காட்டும் இரட்டை அம்புக்குறியைக் காட்டினேன்: "இது இருந்தா உங்க நண்பர் சொன்னது இல்ல பெரியப்பா, பல கை மாறி வந்தது." இப்போது சந்தேகம் வந்தால் எனக்கு போன் செய்கிறார்.

கோவையிலிருந்து, வயது 20:
ஏமாறுவது பெரியவர்கள் மட்டும் இல்லைங்க அக்கா. என் விடுதித் தோழி டெலிகிராமில் 'லைக் போட்டால் சம்பளம்' என்பதை நம்பினாள். முதலில் கொஞ்சம் பணம் வந்தது. அப்புறம் முன்பணம் கேட்டார்கள், கட்டினாள், போய்விட்டது. உடனே இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்திருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து பல நாள் மூச்சே விடவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, வயது 71:
நாங்களும் அதே பயத்தில்தான் பிள்ளைகளிடம் கேட்பதில்லை அம்மா. ஒரு சந்தேகம்: படத்துக்கும் காணொளிக்கும் அந்த அம்புக்குறி வருமா?

மதுரையிலிருந்து:
வரும் ஐயா. ஆனால் யாராவது அதைச் சேமித்துப் புதிதாக அனுப்பினால் குறி இருக்காது. அப்போது அனுப்பியவரிடமே, "இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டுவிடுங்கள்.